கதவைத் திற, உள்ளே வா, உட்கார்

இங்கிலாந்தில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஊடகவியலும் ஒரு தேர்வுப் பாடம். ஓ.சி.ஆர். என்ற தேர்வு வாரியம் அந்தப் பாடத்தில் ஒரு முன்பயிற்சி வைத்திருந்தது. ஒருவர் கதவைத் திறக்க வேண்டும். அறையைக் கடந்து வந்து இன்னொருவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார வேண்டும். இருவரும் இரண்டொரு வரி பேச வேண்டும். கதை அவ்வளவுதான். அதற்குள் மாணவர் மூன்று வித்தைகளைக் காட்டியாக வேண்டும்: ஓர் அசைவின் நடுவே வெட்டி, அடுத்த ஷாட்டில் அதே அசைவைத் தொடர்வது, பேசுகிறவரையும் கேட்கிறவரையும் மாற்றி மாற்றிக் காட்டுவது, 180 டிகிரிக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஊரெல்லாம் 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்' என்று சொன்ன தரமணி வளாகத்தில், எடிட்டிங் மாணவனான என் கைக்கு வந்த முதல் பயிற்சியும் இதேதான். எங்கள் நாற்காலி மடக்கு நாற்காலி, வசனம் தமிழ். மற்றபடி வித்தியாசம் இல்லை. இப்போது விஸ்காம் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் நானும் அந்தக் கதவைத்தான் திறக்கச் சொல்கிறேன். ஒரு கதவு எப்படி இத்தனை ஊர்களில், இத்தனை தலைமுறைகளுக்குப் பாடமானது என்று தேடிக்கொண்டு போனால், சினிமா எப்படித் தன்னைத்தானே கற்றுக்கொண்டது என்ற கதை கிடைக்கிறது.

ஒரு ஜன்னலிலிருந்து தொடங்கலாம். 1903 ஜனவரியில் எடிசன் கம்பெனி 'லைஃப் ஆஃப் ஆன் அமெரிக்கன் ஃபயர்மேன்' என்ற படத்தை வெளியிட்டது. எடுத்தவர் எட்வின் எஸ். போர்ட்டர். கடைசிக் காட்சியில் ஒரு வீடு தீப்பற்றி எரிகிறது. மாடியில் தாயும் குழந்தையும் சிக்கியிருக்கிறார்கள். தீயணைப்பு வீரர் ஜன்னல் வழியாக இருவரையும் காப்பாற்றுகிறார். நெடுங்காலம் திரைப்பட வரலாற்றுப் புத்தகங்கள் இந்தக் காட்சியைக் கொண்டாடின. உள்ளே தாய் தவிக்கிறாள், வெட்டு, வெளியே ஏணி சாய்கிறது, வெட்டு, உள்ளே வீரர் நுழைகிறார் என்று உள்ளும் புறமும் மாறி மாறிப் போகும் படத்தொகுப்பு இங்கேதான் பிறந்தது என்றார்கள். 1940-களில் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு வந்த பிரதியும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இன்னொரு பிரதி இருந்தது. 1912 வரை அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படம் என்று தனி இனம் கிடையாது. புகைப்படத்துக்கு மட்டுமே உரிமை கோரலாம். அதனால் கம்பெனிகள் படம் முழுவதையும் காகிதச் சுருளில் அச்சடித்துப் பதிவு செய்தன. அந்தக் காகிதச் சுருளில் போர்ட்டரின் காட்சி வேறு மாதிரி இருந்தது. முதலில் அறைக்குள்ளிருந்து, மீட்பு முழுவதும், தொடக்கம் முதல் முடிவு வரை. பிறகு தெருவிலிருந்து, அதே மீட்பு மறுபடியும் முழுவதுமாக. உள்ளே இறங்கிவிட்ட தாய், வெளியே ஏணியில் மீண்டும் இறங்குகிறாள். 1970-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, காகிதச் சுருளே அசல் என்று நிறுவினார்கள். மற்றது, பிற்காலத்தில் யாரோ தன் காலத்து ரசனைக்கு ஏற்ப வெட்டி ஒட்டியது.

எடிட்டர் என்ற முறையில் இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்தப் பெயர் தெரியாத எடிட்டர் செய்த வேலை அவ்வளவு இயல்பாகத் தெரிந்ததால், வரலாற்றாசிரியர்களே அது 1903-இல் நடந்தது என்று நம்பிவிட்டார்கள். வெட்டு தெரியாமல் ஷாட்டுகளைத் தொடர்ச்சியாக்கும் கன்டினியூட்டி என்பது தன் தழும்பைத் தானே மறைத்துக்கொள்ளும் தொழில். தன் வரலாற்றையும் சேர்த்தே மறைத்துக்கொள்கிறது. போர்ட்டரின் ரசிகர்களுக்கு ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை நடந்தது ஒரு குறையாகவே பட்டிருக்காது. கண்ணாடிப் படங்களைத் திரையில் காட்டும் மேஜிக் லாந்தர் காட்சிகளில் ஒரு நிகழ்ச்சியை இப்படியும் அப்படியும் காட்டுவது அவர்களுக்குப் பழகியதுதான்.

வெட்டி ஒட்டும் முயற்சி அதற்கும் முன்னால் இங்கிலாந்தின் தென்கடலோரத்தில், பிரைட்டனை ஒட்டிய ஹோவ் நகரில் தொடங்கிவிட்டது. அங்கே ஜி.ஏ. ஸ்மித் மேஜிக் லாந்தர் காட்டியவர். மேடையில் ஹிப்னாடிசமும் செய்தவர். ஜேம்ஸ் வில்லியம்சன் மருந்துக்கடைக்காரர். 1899-இல் ஸ்மித் 'தி கிஸ் இன் த டனல்' என்று ஒரே ஷாட்டில் ஒரு படம் எடுத்தார். ரயில் பெட்டிக்குள் ஓர் ஆணும் பெண்ணும். சுரங்கத்துக்குள் வண்டி போகும் நேரத்தில் ஒரு முத்தம். ரயில் எஞ்சினின் முன்னால் கேமராவை வைத்து எடுத்த படங்கள் அப்போது கொட்டகைக்காரர்களிடம் இருந்தன. அதில் வண்டி சுரங்கத்துக்குள் நுழையும் இடத்தில் வெட்டி, இதை நடுவே ஒட்டிக்கொள்ளலாம். வெளியே, உள்ளே, மீண்டும் வெளியே என்ற கணக்கு அங்கே ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு அதே ஸ்மித், பாட்டியின் பூதக்கண்ணாடியை ஒரு பையன் கையில் கொடுத்தார். பையன் பார்க்கிறான், அடுத்த ஷாட்டில் கடிகாரம். மறுபடி பார்க்கிறான், கூண்டுப் பறவை. மறுபடியும், பாட்டியின் கண், திரை நிறைய உருள்கிறது. பார்வையைக் காட்டி, பார்க்கப்படுவதைக் காட்டினால் பார்க்கிறவன் இரண்டையும் சேர்த்துக்கொள்வான் என்பதற்கு இது ஒரு பாலபாடம்.

திசை என்ற பாடம் ஒரு நாயிடமிருந்து வந்தது. 1905-இல் செசில் ஹெப்வொர்த் தயாரித்த 'ரெஸ்க்யூட் பை ரோவர்' படத்தில் ஒரு குழந்தையைக் கடத்திவிடுகிறார்கள். வீட்டு நாய் தேடிக்கொண்டு ஓடுகிறது. தெரு, ஆறு, குடிசை வாசல் என்று ஒவ்வொரு ஷாட்டிலும் நாய் ஒரே போக்கில் ஓடுகிறது. திரும்பி வரும்போது அதே இடங்கள் எதிர்த் திசையில் வருகின்றன. ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் நமக்கு ஊரின் வரைபடம் மனதில் விழுந்துவிடுகிறது. பிரதிகள் எடுத்து எடுத்து நெகட்டிவ் தேய்ந்துபோனதால் அந்தப் படத்தை மறுபடி மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு விற்றது.

அதன்பின் கதவு வருகிறது. 1908 முதல் 1913 வரை நியூயார்க்கின் பயோகிராஃப் கம்பெனிக்காக டி.டபிள்யூ. கிரிஃபித் நானூறுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். 'தி லோன்லி வில்லா' (1909) படத்தில் திருடர்கள் ஒரு கதவை உடைக்கிறார்கள். தாயும் பெண்களும் அடுத்த அறைக்கு ஓடி அந்தக் கதவைத் தாழிடுகிறார்கள். ஒரு ஷாட்டின் வலது விளிம்பில் வெளியேறுகிறவர் அடுத்த ஷாட்டின் இடது விளிம்பில் நுழைகிறார். கதவுதான் இரண்டு ஷாட்டுக்கும் பொதுச் சுவர். டேவிட் போர்ட்வெல், ஜேனட் ஸ்டைகர், கிறிஸ்டின் தாம்ப்சன் மூவரும் 1985-இல் எழுதிய ஆய்வின்படி, ஏறத்தாழ 1917-க்குள் ஹாலிவுட்டில் இந்த இலக்கணம் முழுமையாக நிலைபெற்றுவிட்டது. எந்த ஆசிரியரும் உட்கார்ந்து எழுதிய இலக்கணம் அல்ல இது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால், எங்கேயோ ஒரு கொட்டகையில் திரையைப் பார்த்துத் திகைத்த ஒரு கூட்டம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குள் இதை முதலில் கொண்டுவந்தது மாஸ்கோ. 1919-இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, அங்கே அரசு திரைப்படப் பள்ளி தொடங்கியது. உலகின் முதல் திரைப்படப் பள்ளி அதுதான். அங்கே பட்டறை நடத்திய லெவ் குலெஷோவுக்கு அப்போது இருபது வயதுதான். அவரிடம் படித்த புடோவ்கின் வாத்தியாரைவிட ஆறு வயது மூத்தவர். வேதியியல் படித்துவிட்டு வந்தவர். ஆசை இருந்தது, ஆள் இருந்தது, ஃபிலிம் மட்டும் இல்லை. கச்சா ஃபிலிம் நாட்டுக்குள் வருவதே நின்றுபோயிருந்தது. குலெஷோவின் மாணவர்கள் ஃபிலிம் இல்லாமலே படம் எடுத்தார்கள்: ஷாட் ஷாட்டாக எழுதி, மேடையில் ஷாட் ஷாட்டாக நடித்து, திரையை மூடித் திறந்து வெட்டினார்கள். கையில் கிடைத்த பழைய படங்களைப் பிரித்து மறுபடி கோத்துப் பார்த்தார்கள்.

கொஞ்சம் ஃபிலிம் கிடைத்தபோது செய்த சோதனை ஒன்றை புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். ஓர் ஆண் இடமிருந்து வலமாக நடக்கிறான். ஒரு பெண் வலமிருந்து இடமாக நடக்கிறாள். சந்தித்துக் கை குலுக்குகிறார்கள். அவன் கை நீட்டிக் காட்டுகிறான். படிக்கட்டு வைத்த பெரிய வெள்ளைக் கட்டடம். இருவரும் படி ஏறுகிறார்கள். பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே இடம். உண்மையில் ஒவ்வொன்றும் மாஸ்கோவில் வெவ்வேறு மூலையில் எடுத்தது. கட்டடமோ வாஷிங்டன் வெள்ளை மாளிகை, ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. நடையின் திசையும் கை காட்டிய பக்கமும் பொருந்தியதால் பூமியே பொருந்திவிட்டது.

நம் ஊருக்கு இந்த இலக்கணம் ஒரு மாணவர் வழியாகவே வந்தது என்பது பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1929-இல் திரைப்படக் கல்வி தொடங்கியது. அங்கே படித்தவர்களில் ஒருவர் மாணிக் லால் டாண்டன். அவருடைய சக மாணவர், ஓஹையோ மாநிலத்துக்காரர் எல்லிஸ் ஆர். டங்கன். டாண்டன் கூப்பிட்டார் என்று 1935-இல் இந்தியாவுக்கு வந்த டங்கன், 1950 வரை இங்கேயே இருந்தார். 'சதி லீலாவதி' (1936) அவர் இயக்கியது, எம்.ஜி.ஆர். திரையில் தோன்றிய முதல் படம். 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரி குமாரி' எல்லாம் அவர் கைவண்ணம். கடைசிவரை தமிழ் அவருக்கு வசப்படவில்லை.

அதுவே ஒரு நன்மை என்று எனக்குத் தோன்றும். அப்போது நம் படங்கள் பெரும்பாலும் நாடக மேடையை அப்படியே பிடித்தவை. கேமரா, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்த ரசிகர். நடிகர்கள் வரிசையாக நின்று பாடுவார்கள். வசனம் புரிந்த ஒருவருக்கு அதில் குறை தெரியாது, காது கதையைச் சொல்லிவிடும். வசனம் புரியாத டங்கனுக்குக் கண் மட்டும்தான் துணை. யார் யாரைப் பார்க்கிறார், எந்தப் பக்கம் போகிறார், எப்போது முகத்துக்கு அருகே போக வேண்டும் என்று அவர் படத்தை வைத்தே யோசித்தாக வேண்டும். 'மீரா'வில் (1945) சிறுமி மீராவாக ராதா பாடத் தொடங்கி, பாட்டின் போக்கிலேயே எம்.எஸ். சுப்புலட்சுமியாக வளர்ந்துவிடும் இடத்தை என் மாணவர்களுக்கு இன்றும் போட்டுக் காட்டுகிறேன். குரல் இழை அறாமல் வருகிறது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் கடந்துபோகின்றன.

அதே 1945-இல் சென்னையில் அரசு, சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. தரமணி இன்ஸ்டிடியூட்டின் வேர் அதுதான். 1960-இல் புனேயில், மூடிக்கிடந்த பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி வந்தது. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா அங்கேதான் ஒளிப்பதிவு படித்தார். அதுவரை ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, கிளாப் அடித்து, பார்த்துப் பார்த்துப் படிப்பதுதான் வழி. அங்கே கன்டினியூட்டி தெரியும். ஆனால் ஏன் என்று கேட்டால் 'லைன் கிராஸ் ஆகுதுப்பா' என்பதோடு பதில் முடிந்துவிடும். பள்ளிக்கூடம் அந்த 'ஏன்'-ஐ ஒரு பயிற்சியாக்கியது. கதவு அந்தப் பயிற்சி.

எங்களுக்குக் கொடுத்த ஃபிலிம் கொஞ்சம். 35 எம்.எம். ஃபிலிம் நானூறு அடி என்றால் நான்கரை நிமிடம்கூட ஓடாது. கறுப்பு வெள்ளை. ஒத்திகைக்கு ஃபிலிம் செலவில்லை என்பதால் நடிகரை அரைநாள் நடக்கவிட்டு, சாக்பீஸால் தரையில் குறி போட்டு, ஷாட் பிரித்து எழுதி, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கேமரா ஓடும். மாஸ்கோ மாணவர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான் என்று பிறகு படித்தபோது தெரிந்தது.

கதவுக்கு வெளியே முதல் ஷாட். நடிகரின் முதுகுக்குப் பின்னால் கேமரா. வலது கை பிடியைத் தொட்டுத் திருப்புகிறது. வெட்டு. இரண்டாவது ஷாட் உள்ளேயிருந்து. கதவு நம்மை நோக்கித் திறக்கிறது. பிடி இப்போது திரையில் இடது பக்கம் இருக்க வேண்டும், அதே வலது கை. எங்கே வெட்டுவது? கை பிடியைத் தொடுவதற்கு முன்னாலா, திருப்பி முடித்த பின்னாலா? இரண்டும் இல்லை, திருப்பும்போதே வெட்டு என்பார் எங்கள் வாத்தியார். கண் அசைவைத் துரத்திக்கொண்டிருக்கும். வெட்டைக் கவனிக்க அதற்கு நேரம் இருக்காது. சில எடிட்டர்கள் அடுத்த ஷாட்டில் அசைவை இரண்டு மூன்று ஃப்ரேம் பின்னுக்கு இழுத்து ஆரம்பிப்பார்கள். கணக்குப்படி அந்தத் துணுக்கு இரண்டு முறை நடக்கிறது. கண்ணுக்கு ஒரு முறைதான் தெரியும். போர்ட்டர் முழுக் காட்சிக்குச் செய்ததை நாங்கள் மூன்று ஃப்ரேமுக்குச் செய்தோம்.

கதவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வெட்டும்போதுதான் புரியும். வெளிப்புறம் தரமணியிலும் உள்புறம் மயிலாப்பூர் வீட்டிலும் எடுக்கலாம். ஒரு கை திருப்பும் பிடி பொருந்தினால் போதும், இரண்டும் ஒரே வீடு. சினிமா பொய் சொல்ல வசதியான இடம் வாசற்படிதான்.

அறையைக் கடப்பது திசைப் பாடம். வலது பக்கம் ஃப்ரேம் அவுட் ஆனவர் அடுத்த ஷாட்டில் இடது பக்கம் ஃப்ரேம் இன் ஆக வேண்டும். மாறினால், மறந்த பொருளை எடுக்கத் திரும்பிப் போகிறவர் போலிருக்கும். உட்காருவது மறுபடியும் அசைவு வெட்டு. இடுப்பு வளையத் தொடங்கியதும் க்ளோஸுக்குப் போகலாம். எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிட்டால் இருவர் தலைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. கேமரா அதன் ஒரு பக்கம் மட்டும். ஒருவருக்கு ரைட் லுக் என்றால் மற்றவருக்கு லெஃப்ட் லுக். கோட்டைத் தாண்டி வைத்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, அறையில் இல்லாத மூன்றாவது ஆளிடம் பேசுவார்கள். தோள் தெரியும் ஷாட்டை நம் தொழிலில் 'சஜெஷன்' என்பார்கள். ஒருவருக்கு 50 எம்.எம். லென்ஸ் போட்டால் மற்றவருக்கும் 50, அதே தூரம், அதே உயரம். இல்லாவிட்டால் ஒருவர் முதலாளி, மற்றவர் வேலைக்காரர் போல் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. கோணத்தை மாற்றினால் 30 டிகிரிக்குக் குறையாமல் மாற்ற வேண்டும். கொஞ்சமாக மாற்றினால் படம் துள்ளும்.

இதற்கு மேல், எந்த அயல்நாட்டுப் புத்தகத்திலும் இல்லாத நம் ஊர்ச் சிக்கல்கள். லைட்டின் சூட்டில் நெற்றி வியர்த்து, மூன்று கோடாக இருந்த விபூதி சஜெஷன் எடுக்கும் நேரத்தில் ஒன்றரைக் கோடாகிவிடும். காலையில் மொட்டாக வைத்த மல்லிகைச் சரம் மதியம் விரிந்துவிடும், மாலையில் வாடிவிடும். வேட்டியின் கரை எந்தப் பக்கம், டம்ளரில் காப்பி எவ்வளவு, முந்தானை இழுத்துச் செருகியதா தொங்கியதா என்று உதவி இயக்குநர் நோட்டில் எழுதுவார். எழுதத் தவறியது எடிட்டிங் டேபிளில்தான் தெரியும். அப்போது காப்பாற்ற ஒரு கட் அவே வேண்டும்: சுவர்க் கடிகாரம், மின்விசிறி, ஜன்னலில் ஒரு காகம். பழைய படங்களில் காரணமில்லாமல் ஒரு காகம் வந்தால், அங்கே எடிட்டர் எதையோ மூடியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

டேபிள் என்றால் மூவியோலா. இவான் செருரியே 1924-இல் கண்டுபிடித்த அந்த இயந்திரம் தையல் மிஷின் போல் கடகடவென்று சத்தம் போடும். காலால் மிதித்து ஓட்ட வேண்டும். வெள்ளைக் கையுறை, கிரீஸ் பென்சில், ஸ்ப்ளைசர். ஓர் அடிக்குப் பதினாறு ஃப்ரேம். ஒரு வெட்டை மாற்ற வேண்டுமென்றால் டேப்பைப் பிரித்து, தொங்கும் துண்டுகளில் தேடி, மறுபடி ஒட்ட வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் கையில் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து யோசிப்போம். அந்த யோசனை நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த பாடம்.

தரமணி மாணவர்கள் இந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு எங்கெல்லாமோ போனார்கள். ருத்ரய்யா 1978-இல் 'அவள் அப்படித்தான்' எடுத்தார். கறுப்பு வெள்ளை, அறைகளுக்குள் நீளும் பேச்சு. நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பயிற்சியை ஒரு முழுப் படத்துக்கு நீட்டி, அதில் ஒரு பெண்ணின் கோபத்தை வைத்துவிட்டார். 1986-இல் ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கிய 'ஊமை விழிகள்' சினிமாஸ்கோப்பில் வந்தது. 'இன்ஸ்டிடியூட் பசங்க படம்' என்ற சொல் கோடம்பாக்கத்தில் அதற்குப் பிறகு கேலியாக இல்லாமல் மரியாதையாக மாறியது.

இப்போது என் மாணவர்கள் செல்போனில் எடுக்கிறார்கள். ஃபிலிம் தீர்ந்துவிடும் என்ற பயம் கிடையாது. அதனால் கதவுப் பயிற்சிக்கு நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: ஷாட்டுகளை முதலில் காகிதத்தில் வரைய வேண்டும், எழுதியதற்கு மேல் ஒரு ஷாட்டும் எடுக்கக் கூடாது. முனகுவார்கள். 'ரீல்ஸ்ல எல்லாரும் ஜம்ப் கட்தான் சார் வைக்கிறாங்க, யாரும் குழம்பலையே' என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்பார்.

நியாயமான கேள்வி. பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1960-இல் 'பிரெத்லெஸ்' படத்தில் துள்ளும் வெட்டுகளை வைத்தபோதும் யாரும் அரங்கை விட்டு ஓடவில்லை. ஜப்பானிய இயக்குநர் ஓசு தன் படங்களில் 180 டிகிரிக் கோட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டினார். 1903-இல் ஒரு தாய் இரண்டு முறை மீட்கப்பட்டதை மக்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே இந்த இலக்கணம் இயற்கையின் சட்டம் என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை. நூறு ஆண்டுக்கு முன் ஒருவகை ரசிகரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ரீல்ஸ் பார்க்கிறவரோடு வேறு ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒப்பந்தம் மாறினாலும், எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை: இந்த ஷாட் ஓடும்போது பார்க்கிறவர் எங்கே நிற்கிறார், அடுத்ததில் எங்கே போய் நிற்கப் போகிறார், அந்த இடத்துக்கு அவரை நான் கூட்டிக்கொண்டு போனேனா, தள்ளிவிட்டேனா? தள்ளிவிடுவதும் ஒரு கலைதான். தெரிந்து தள்ளியிருக்க வேண்டும், அவ்வளவே. ஜம்ப் கட் வைத்த மாணவரிடம் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. எந்த ஃப்ரேமில் வெட்டினாய், ஏன் அந்த ஃப்ரேம் என்று கேட்பேன். பதில் சொல்ல முடிந்தவருக்குக் கதவுப் பயிற்சி முடிந்துவிட்டது.